விசில் ஊதாத ஆட்டம்

லாமிலி: கத்தலண்ணே. இருமினேன்.

ஒடோய்: இருமலா? 'அடிடா'ன்னு ஒரு இருமலா?

லாமிலி: எனக்கு அப்படித்தான் வரும். நாள் பூரா மீன் பொகையில நிக்கிறவ...

ஒடோய்: இங்க பாரு லாமிலி. இன்னொரு தடவ இருமினா ஒரு செம்மறி ஆடு, ரெண்டு புட்டி ஜின், அபராதம். ஆட்டத்தையும் நிறுத்திருவேன்.

லாமிலி: மெதுவாப் பேசுண்ணே. உன் கொரல்தான் கடல் வரைக்கும் கேக்குது.

ஒடோய்: நான் காவக்காரன். எனக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

லாமிலி: ஆமா ஆமா. பூசாரி வீட்டு இலையக் கழுத்துல மாட்டிக்கிட்டா ஊரே வாய மூடணும்.

ஒடோய்: நானா சொல்றேன்? சாமிக்குச் சோளம் வெதச்சாச்சு. தடைய எடுக்கிற வரைக்கும் மேளம் கூடாது, கூச்சல் கூடாது, விசிலும் கூடாது. ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னாடி வருஷா வருஷம் இருக்கிறதுதானே? பொறந்ததுலேருந்து உனக்குத் தெரியாததா?

லாமிலி: எனக்குத் தெரியும். அட்டவணை போட்டவனுக்குத் தெரியலயே! நம்ம கரையில, இந்த மாசத்துலயா ஆட்டம் வெப்பான்?

ஒடோய்: மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம்ல?

லாமிலி: கேட்டோம். மாத்த முடியாதாம். நாடு பூரா இன்னிக்குத்தான் கடைசித் தகுதி ஆட்டமாம். இந்தக் குமாசி டீம ஜெயிச்சா நம்ம பசங்க தேசிய லீக். சமனா முடிஞ்சாக்கூட மூட்டையக் கட்ட வேண்டியதுதான்... அய்யோ, அங்க பாரு அங்க பாரு!

ஒடோய்: ஷ்ஷ்! என்ன ஆச்சு?

லாமிலி: நடுவர் கைக்குட்டைய ஆட்டுறாரு. ஆஃப்சைடாம். நம்ம நாலாம் நம்பர் என்னடான்னா பதிலுக்குக் கைய ஆட்டுறான்!

ஒடோய்: மரியாத தெரிஞ்ச புள்ள.

லாமிலி: சிரிக்க வெக்காதண்ணே. சிரிச்சா சத்தம் வந்துரும்.

ஒடோய்: வாயில துணிய வெச்சுக்க. அங்க பாரு, உன் மீன்காரப் பொம்பளைங்க எல்லாம் முந்தானையக் கடிச்சுக்கிட்டு எவ்வளவு ஒழுங்கா நிக்கிறாங்க.

லாமிலி: ஒழுங்கா? அந்த ஆஃபெய்பியாவப் பாரு, உள்ளுக்குள்ளயே வெடிச்சிருவா போலிருக்கு. ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்துல நிக்கிறவ தோளக் கிள்ளிக்கிட்டே இருக்கா.

ஒடோய்: கிள்ளட்டும். கிள்ளுக்குச் சத்தம் இல்ல.

லாமிலி: அண்ணே... ஸோவாவப் பாத்தியா?

ஒடோய்: யாரு, உங்க கோச்சா? அங்க கோட்டோரமா நிக்கிறானே, அது ஸோவாவா? நான் தென்னமரம்னு நெனச்சேன்.

லாமிலி: பாவம்ண்ணே. அந்த வாய் இப்படி மூடி இருந்து நான் பாத்ததே இல்ல. தூங்கும்போதுகூட 'பந்த விடு, பந்த விடு'ன்னு கத்துவானாம், பொண்டாட்டி சொல்றா.

ஒடோய்: போன ஞாயித்துக்கெழம பயிற்சியில அவன் கத்தின கத்துல, கடலுக்குள்ள இருந்த படகு ஒண்ணு திரும்பி வந்துருச்சு. கரையில ஏதோ சாவுன்னு நெனச்சானுங்களாம்.

லாமிலி: கைய மட்டும் ஆட்டுறான். எவனும் திரும்பிக்கூடப் பாக்கல... அய்யய்யோ! போச்சு! போச்சு!

ஒடோய்: ஷ்ஷ்ஷ்!

லாமிலி: கோல்! குமாசிக்காரன் போட்டுட்டான்!

ஒடோய்: அவங்க கோச்சு கத்திட்டானே!

லாமிலி: எங்க கத்தினான்? பாதி 'கோ' வந்துச்சு. அதுக்குள்ள கரையே சேந்து 'ஷ்ஷ்ஷ்'னு அவன அமுக்கிருச்சு. அந்த ஷ்ஷ்தான் இடி மாதிரி இருந்துச்சு.

ஒடோய்: அதுக்கு யாருக்கு அபராதம் போடுறது? ஊருக்கே போடணும்.

லாமிலி: போடு. முதல் ஷ் உன் வாயிலேருந்துதான் வந்துச்சு.

ஒடோய்: ...சரி, விடு. வெளியூர்க்காரன். ஒரு தடவ மன்னிக்கலாம்.

லாமிலி: மன்னிச்சுட்டு என்ன பண்ண? ஒண்ணு வாங்கியாச்சே. இன்னிக்குத் தோத்தா அயிக்வேக்கு அவ்வளவுதான். அடுத்த வருஷம் வயசு தாண்டிரும்.

ஒடோய்: தெரியும். எந்தங்கச்சி மவனாச்சே. அவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதே நான்தான். சுத்தமான பதினாலு. மத்த டீம் பசங்க மாதிரி தனியா ஒரு கால்பந்து வயசு வெச்சுக்கல.

லாமிலி: குமாசி கோல்கீப்பரப் பாத்தியா? மீசைய வழிச்சுட்டு வந்த மாதிரி இல்ல?

ஒடோய்: நீ வேற. அது உதட்டு மேல ஒட்டின ஈர மணல்.

லாமிலி: ஓ... சரி.

ஒடோய்: ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. இந்த லீக்கு நெலைக்குமா? போன தேர்தலுக்கு முன்னாடி ஒரு பெரிய மனுஷன் வந்தாரே, கோப்ப குடுத்தாரு, பனியன் குடுத்தாரு...

லாமிலி: பனியன் முதுகுல அவரு மூஞ்சி!

ஒடோய்: மொத மொற தொவச்சதுமே மூஞ்சி போச்சு. தேர்தல் முடிஞ்சதும் ஆளும் போயாச்சு. புள்ளைங்க மறுபடியும் தெருவுல.

லாமிலி: அதனாலதாண்ணே இது வேற. மூணு நாள் திருவிழா கெடையாது. வருஷம் பூரா, வாரம் விட்டு வாரம் ஆட்டம். பதினஞ்சு வயசுக்குள்ள மட்டும்தான். பள்ளிக்கொடம் போகாதவனுக்கு இடம் இல்ல. நாடு பூரா இருந்து டீம் வரும், வடக்கே தமாலேலேருந்துகூட. முக்கியமா, பெரிய மனுஷன் காச நம்பி வர்ற டீமச் சேக்க மாட்டாங்க. 'உங்க ஊரு உங்க டீம எப்படிக் காப்பாத்தும்?'னு அந்தம்மா என்னையே நேரா கேட்டாங்க.

ஒடோய்: எந்தம்மா? குடையப் புடிச்சுக்கிட்டு நாக்காலியில ஒக்காந்திருக்காங்களே, லீக்குக்காரம்மாவா?

லாமிலி: அவங்கதான். நான் சொன்னேன், 'ஒவ்வொரு படகும் வாரத்துக்கு ஒரு கூடை மீன் குடுக்கும்மா. எங்க பொம்பளைங்க அதப் பொகையில போட்டு வித்து டீம நடத்துறோம். கடல் வத்துற வரைக்கும் எங்க டீம் இருக்கும்'னு.

ஒடோய்: படகுக்காரனுங்க குடுக்கிறானுங்களா?

லாமிலி: குடுக்கலன்னா அவன் மீன எவ வாங்குவா?

ஒடோய்: அம்மாடி! நீ லீக்கு நடத்த வேண்டியவ.

லாமிலி: நடத்துறேன், மொதல்ல ஒரு கோல் வரட்டும். டேய், அயிக்வே... ஓடுறா... ஓடுறா கண்ணு...

ஒடோய்: இருமாத!

லாமிலி: மனசுக்குள்ளதான் சொல்றேன்!

ஒடோய்: உன் மனசு எனக்குக் கேக்குது.

லாமிலி: பாருண்ணே, பாரு... ஒருத்தனத் தாண்டிட்டான்... ரெண்டாமத்தவன்... அட, இது என்ன ஆட்டம்? இவன் இப்படி ஆடி நான் பாத்ததே இல்லயே!

ஒடோய்: இருடி... பாத்துட்டு இருக்கேன்ல.

லாமிலி: அடிச்சுட்டான்! அடிச்சுட்டாண்ணே! கோ...

ஒடோய்: வாய மூடு! கைய எடுத்து வாயில வை!

லாமிலி: ம்ம்ம்ம்!

ஒடோய்: அது என் கை! உன் கையக் கடி!

லாமிலி: மன்னிச்சுக்கண்ணே. பதட்டத்துல... ரத்தம் வந்துச்சா?

ஒடோய்: இல்ல. பல்லு நல்லாப் பதிஞ்சிருக்கு. பரவால்ல, ஒண்ணுக்கு ஒண்ணு.

லாமிலி: பொம்பளைங்களப் பாரேன்! தலத்துணிய அவுத்துச் சுத்துறாளுங்க. சத்தமே இல்லாம கரை பூரா ஆடுது!

ஒடோய்: உன் கோல்கீப்பர் ஏன் குப்புறப் படுத்துட்டான்?

லாமிலி: மணலுக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு கத்துறான். புத்திசாலி.

ஒடோய்: மணலுக்குள்ள கத்துனா அபராதம் உண்டான்னு யாரும் சொல்லிக் குடுக்கல. விடு.

லாமிலி: அண்ணே, ஒண்ணு கவனிச்சியா? அயிக்வே இந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

ஒடோய்: கவனிச்சேன்.

லாமிலி: எப்பவும் பந்து கால்ல பட்டதும் ஸோவா மூஞ்சியப் பாப்பான். பாக்குறதுக்குள்ள பந்து போயிரும்.

ஒடோய்: அவன் பேரச் சொல்லிக் கத்தினாலே காலு ரெண்டும் பின்னிக்கும். வீட்டுல வந்து சோறு திங்க மாட்டான். சோளக் கென்கி உருண்டைய முன்னாடி வெச்சுக்கிட்டு மொறச்சுப் பாத்துட்டு இருப்பான்.

லாமிலி: ஸோவாவும் கெட்டவன் இல்லண்ணே. புள்ளைங்க மேல உசுரு.

ஒடோய்: யாரு இல்லன்னா? உசுரு இருந்தா காதுகிட்ட வந்துதான் காட்டணுமா?

லாமிலி: சரி சரி, கோவப்படாத. காவக்காரன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

ஒடோய்: சாயல. கோட்டுக்கு அந்தப் பக்கம் அயிக்வே எனக்கு யாரோ.

லாமிலி: அதான் அந்த யாரோவுக்காக என் தோளப் புடிச்சு நசுக்குறியா?

ஒடோய்: ...எப்பப் புடிச்சேன்?

லாமிலி: ரொம்ப நேரமா. விடாத, பரவால்ல. இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. வர்றாங்க, நம்ம பசங்க வர்றாங்க...

ஒடோய்: பந்து யாருகிட்ட? வெயிலு கண்ணக் கூசுது.

லாமிலி: அயிக்வேகிட்டத்தான். கோலுக்கு நேரா நிக்கிறான். முன்னாடி ரெண்டு பேரு... அடி, அடிடா, ஏன் நிக்கிறே?

ஒடோய்: இருமாத!

லாமிலி: அவன் அடிக்கல... அய்யோ... குடுத்துட்டான். குட்டி டாகோவுக்குக் குடுத்துட்டான்! அந்தப் பொடியன் தனியா நிக்கிறது எனக்குக்கூடத் தெரியலயே!

ஒடோய்: கோலா? சொல்லு, கோலா?

லாமிலி: ம்ம்ம்ம்ம்ம்!

ஒடோய்: என் கைய விட்டுட்டு சொல்லு!

லாமிலி: கோல்! கோல்! கோல்! பாத்தியா, எவ்வளவு மெதுவாச் சொன்னேன்!

ஒடோய்: அவன் குடுத்தான்... எம்மருமவன் பாத்து, யோசிச்சு, குடுத்தான்டி! ஸோவா மட்டும் வாயத் தெறந்திருந்தா 'அடி'ன்னுதான் கத்தியிருப்பான்.

லாமிலி: இவனும் அடிச்சிருப்பான்.

ஒடோய்: பந்து கடல்ல போய் விழுந்திருக்கும்.

லாமிலி: நடுவரப் பாரு, ரெண்டு கையாலயும் கைக்குட்டைய ஆட்டுறாரு! முடிஞ்சிருச்சா? அண்ணே, முடிஞ்சிருச்சாண்ணே?

ஒடோய்: முடிஞ்சிருச்சு. ஜெயிச்சுட்டீங்க... லாமிலி, அழறியா?

லாமிலி: பொகை.

ஒடோய்: இங்க ஏது பொகை?

லாமிலி: சத்தம் போடாம அழுதா அபராதம் இல்லயே? அப்புறம் என்ன? விடு... பாரு, எல்லாரும் குட்டி டாகோ மேல விழுந்து கெடக்குறாங்க. அந்தக் குமாசிப் பசங்களும் கை குடுக்க வர்றாங்க. நல்ல புள்ளைங்க.

ஒடோய்: லாமிலி... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

லாமிலி: இன்னிக்கு என் மீன நாய் தூக்கிட்டுப் போனாக்கூட அதத் திட்ட மாட்டேன். சொல்லு.

ஒடோய்: காலைல பூசாரி ஐயா கூப்பிட்டு விட்டாரு. யாரோ போய்க் கேட்டிருக்காங்க போல. 'சின்னப் புள்ளைங்க ஆட்டம். நான் சாமிகிட்ட கேட்டு, ஊத்த வேண்டிய மதுவ ஊத்திட்டேன். ஆட்டம் முடியிற வரைக்கும் விசில் ஊதட்டும், கத்தட்டும். போய்ச் சொல்லிரு'ன்னாரு. நான் சொல்லல. ஒரே ஒரு ஆட்டம், அந்தப் பய கத்தல் இல்லாம ஆடிப் பாக்கட்டும்னு நெனச்சேன். குமாசிக்காரனுக்கும் அதே கட்டுப்பாடுதானே? யாரையும் ஏமாத்தல. ஆனா தோத்திருந்தா என்னால தூங்கியிருக்க முடியாது. கோவமாடி?

லாமிலி: பூசாரி ஐயா வீட்டம்மா மீன் எங்க வாங்குறாங்க?

ஒடோய்: உங்கிட்டதான். ஏன்?

லாமிலி: இன்னிக்குக் காலைலயும் வாங்கினாங்க. வாங்கும்போது வாய் சும்மாவா இருக்கும்?

ஒடோய்: அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா எங்கிட்ட இவ்வளவு திட்டு வாங்கின?

லாமிலி: நீ எப்ப வந்து சொல்லப் போறேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ வந்ததும் 'கத்தாத'ன்ன பாரு, அப்பவே எனக்கு உசுரு வந்துச்சு. அயிக்வே காலு பின்னிக்கக் கூடாதேன்னு நானும் கமுக்கமா இருந்துட்டேன்.

ஒடோய்: என்னையும் நடிக்க விட்டு, நீயும் நடிச்சு... ஆட்டு அபராதம்னு நான் மிரட்டினதையும் கேட்டுக்கிட்டு...

லாமிலி: மெதுவா! ஸோவா வர்றான். அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது. மனசு ஒடஞ்சிருவான்.

ஒடோய்: சத்தியமா சொல்ல மாட்டேன். வா ஸோவா, வா! அருமையான ஆட்டம்ப்பா!

ஸோவா: என்னக்கா, என்னண்ணே? ரெண்டு பேரும் என்னக் கண்டதும் பேச்ச நிறுத்திட்டீங்க?

லாமிலி: ஒண்ணுமில்லடா. தடைய மதிச்சு நடந்தோம், சாமி கண்ணத் தெறந்துச்சுன்னு பேசிக்கிட்டிருந்தோம்.

ஸோவா: அக்கா, பூசாரி ஐயாகிட்ட அனுமதி கேக்கப் போனதே நான்தான். 'போய்க் கத்துடா'ன்னு காலைல எம்மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரு. திரும்பி வர்ற வழியில இந்த அயிக்வே கரையில தனியா பந்து தட்டிக்கிட்டிருந்தான், யாரும் பாக்கலன்னு நெனச்சு. அப்படி ஒரு ஆட்டத்த எனக்கு அவன் ஒரு நாளும் ஆடிக் காட்டினதில்ல. மறஞ்சு நின்னு பாத்தேன். அப்புறம் யாருகிட்டயும் மூச்சு விடல... அண்ணே, அந்த அனுமதி இன்னும் செல்லும்ல? ஒரே ஒரு தடவ கத்திக்கிறேனே!