மெஷின்தான்மா, நான் இல்ல

அந்தப் பெட்டியப் பிரிக்காதீங்க தம்பி. கொஞ்சம் இருங்க. யூபிஎஸ்ஸா? யார் கேட்டா? அவர் கேட்டாரா? இல்லல்ல, நீங்களாத்தானே யோசிச்சுக் கொண்டுவந்தீங்க. அப்போ வச்சது வச்சபடியே இருக்கட்டும். மொதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், சாஞ்சா கவுத்துடும். அவரையே ஒரு தடவ கவுத்திருக்கு. அதுல உக்காந்துதான் துப்பாக்கி தூக்கி ஊரையே காப்பாத்துறாரு. நீங்க கட்டில்ல உக்காருங்க. அந்தத் துணிக்கூடைய இப்படித் தள்ளிடுங்க. தேய்ச்சது, கசக்கிடாதீங்க.

தம்பின்னு கூப்பிடுறேன், தப்பா நினைக்காதீங்க. தலையில என்னைவிட உங்களுக்குத்தான் நரை ஜாஸ்தி. பாதி நரை இந்த வீட்டு கம்ப்யூட்டர்னால வந்ததுதான். மொதல்ல வந்தப்போ ரேம் சரியா உக்காரலன்னீங்க. கழட்டி, பென்சில் ரப்பரால தேய்தேய்னு தேய்ச்சு மாட்டினீங்க. அடுத்து வந்து சூடுன்னீங்க. என்னமோ பேஸ்ட்ட எடுத்து, பல்லு விளக்கிவிடுற மாதிரி தடவினீங்க. அப்புறம் டிரைவர் சரியில்லன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்ப ஏத்தினீங்க. அதுவும் போதாதுன்னு உள்ள கரெண்ட் குடுக்கற அந்த எஸ்எம்பிஎஸ் பெட்டியையே மாத்திட்டீங்க. நீங்க இங்க இருக்கற வரைக்கும் கழுதை அழகா ஓடுது. நீங்களே கேம போட்டு, ஃபேன் கத்தக் கத்த ஓட்டிப் பாத்தீங்க, ஒரு முனகல் உண்டா? உங்க வண்டி தெருமுனை திரும்பி, சாயங்காலம் அவர் வந்து உக்காந்து, ஹெட்போன மாட்டி, பத்து பேரைச் சுட்டு முடிக்கறதுக்குள்ள பொட்டுனு அணைஞ்சுடுது.

தெரியும் தெரியும். திரும்ப ஆன் ஆகறப்போ எதிர்பாராம நின்னுபோச்சுன்னு ஒரு வரி வரும். அதைக் கண்டுபிடிக்க நீங்க பையத் தூக்கிட்டு வரணுமா? இங்கிலீஷ் எனக்கும் படிக்கத் தெரியும். கான்வென்ட்ல படிச்சவ நான்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தவரைக்கும் எந்தப் பிரச்சினையும் இல்ல, அது வாஸ்தவம். அதுல சீட்டாட்டம் ஆடிட்டிருந்தாரு. மனுஷன் குடிநீர் ஆபீஸ்ல மீட்டர் கணக்குப் பாக்கறவரு. இன்னும் ஒரு வருஷத்துல வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. பாத்ரூம் பல்பு போனா, போயிடுச்சுன்னு எனக்குத் தகவல் சொல்றதோட அவர் வேலை முடிஞ்சுடும். அப்படிப்பட்டவரு போன மாசம் ஒரு அட்டைப்பெட்டியோட வந்து நின்னாரு. மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். என் பிரசவத்தப்போகூட அதைப் பாக்கல. தரையில துண்டு விரிச்சாரு. போன்ல வீடியோவ ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மருந்து மூடியில போட்டு வச்சு, தானே மாட்டினாரு. என்னத்துக்கு இந்த வயசுல இதுன்னேன். புது கேம் பழைய கார்டுல ஓடாதாம். அந்த கேம்தான் வேணுமான்னேன். கூட்டாளி அதைத்தான் ஆடறாங்களாம்.

கூட்டாளி! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கல்யாணத்துக்கு வந்த சிநேகிதனுங்களையே அடுத்த வருஷம் தொலைச்சவரு இவரு. இவருக்கு முகம் தெரியாத ஒரு கூட்டாளியாம், தினம் சாயங்காலம் டான்னு வந்து காத்திருக்காங்களாம்.

நீங்க அவர் ஆடிப் பாத்ததில்லையே? பாக்கணும். மூக்குக்கண்ணாடிக்கு மேல ஹெட்போன மாட்டி, காது மடங்கி, ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது. சுவத்தப் பாத்துச் சுட்டுட்டிருப்பாரு. மொத ஆளா செத்து விழுவாரு. அந்தக் கூட்டாளிதான் வந்து இவரை இழுத்துட்டுப் போய், ஒரு மறைவுல போட்டு, மருந்து குத்தி எழுப்பிவிடணும். எழுந்ததும் தேங்க்ஸ் சொல்லிட்டுத் திரும்பப் போய்ச் சாவாரு. அதுக்கு ஒரு சிரிப்பு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு. இந்த வீட்ல அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நான் ஹால்ல நின்னு கேட்டுட்டிருப்பேன், யார் வீட்டு ஆம்பளை இதுன்னு.

ஆமா, இப்ப அவருக்கு உசுரே போற அவசரம். அதனாலதான் உங்களுக்கு ஓயாம போன் போட்டு நச்சரிக்கறாரு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாகணும்னு காலையில கெஞ்சியிருப்பாரே? இன்னொரு தடவ பாதியில அறுந்தா அந்தக் கூட்டாளி வர மாட்டாங்களாம். கோவம். இவர் வேணும்னே ஆஃப் பண்ணிட்டு ஓடிடறாருன்னு அங்க ஒரு நினைப்பு. ஒவ்வொரு தடவையும் மெஷின் திரும்ப ஆன் ஆனதும் இவர் கெஞ்சறது இருக்கே, கேக்கணும் நீங்க. சத்தியமா நான் ஆஃப் பண்ணலம்மா, மெஷின்தான்மா, நான் இல்ல, நான் பயந்துட்டு எழுந்து போகலம்மான்னு.

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? ம்மா போட்டுப் பேசறாரேன்னா? சேச்சே. நீங்க நினைக்கற மாதிரி எதுவும் இல்ல. அந்த மாதிரி இருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். அதுக்கெல்லாம் ஒரு துணிச்சல் வேணும். எங்க வீட்டு ஆளு ஹோட்டல்ல தண்ணி கேக்கவே என் மூஞ்சியப் பாக்கறவரு.

என்னது, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கமா? ஹால்தான். நீங்க உள்ள வந்த வழி. அந்தப் பிளக் பாயிண்ட்டுமா? ஆமா, இதுக்கு முதுகுப்பக்கம்தான். ஒரே ஒயர்லதான் ரெண்டும். வீடு கட்டினப்போ எலக்ட்ரீஷியன் சோம்பேறித்தனம் பண்ணிட்டுப் போயிட்டான். அடேங்கப்பா, இன்னைக்குத்தான் உங்களுக்கு மூளை வேலை செய்யுது. அதுக்குத்தான் யூபிஎஸ்ஸா? கரெண்ட் லேசா இறங்கினாலும் இது தாங்கிப் பிடிச்சுக்கும், அப்படித்தானே? அதனாலதான் சொல்றேன், பிரிக்காதீங்கன்னு.

அங்க என்ன மாட்டுவேனா? இஸ்திரிப் பெட்டிதான் மாட்டுவேன்.

மொத தடவ தெரியாமதான் நடந்துச்சு. அவர் சட்டையத்தான் தேய்க்கப் போனேன். சுவிட்சப் போட்டேன், லைட் லேசா ஒரு கண்ணடிச்சுது, உள்ள இருந்து ஐயோன்னு ஒரு சத்தம். நான் கண்டுக்கல. இன்னொரு நாளும் அப்படியே. கான்வென்ட்ல கெமிஸ்ட்ரி எடுத்த சிஸ்டர் சொல்லுவாங்க, ஒரு தடவ நடந்தா சும்மா நடந்தது, திரும்பச் செஞ்சு பாருன்னு. செஞ்சு பாத்தேன். சும்மா சீட்டாடறப்போ போட்டேன், எதுவும் ஆகல. கேம் சூடு பிடிச்சு, அந்தப் புதுக் கார்டு கரெண்ட்ட மடக்மடக்குனு குடிக்கும் பாருங்க, அப்போ போட்டேன். பொட்டு. நீங்க ரப்பரப் போட்டுத் தேய்ச்சுட்டிருந்தீங்க, நான் துணியத் தேய்ச்சுட்டிருந்தேன். இப்ப இந்த வீட்ல கசங்கின துணியே கிடையாது தம்பி. கைக்குட்டை, தலையணை உறை, சமையல்கட்டுத் துண்டு, எல்லாம் மடிப்புக் கலையாம அடுக்கியிருக்கேன்.

உடனே எல்லாம் போட மாட்டேன். பேசட்டும்னு விட்டுடுவேன். நல்லாப் பேசி, இவர் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பிப்பாரு பாருங்க. அப்போ.

எழுந்திரிக்காதீங்க. இருங்க, முழுசாக் கேட்டுட்டுப் போங்க. மேல பாத்தீங்களா, சீலிங்ல நட்சத்திர ஸ்டிக்கர். லைட்ட அணைச்சா மினுக்கும். வந்தன்னைக்கே அதைப் பாத்துட்டுத்தானே உங்க ரூமா சாருன்னு அவரைக் கேட்டீங்க? அவர் என்னைப் பாத்தாரு. ஏணி போட்டுச் சுரண்டி எடுங்கன்னு எப்பவோ சொன்னேன், எடுக்கல. என் பொண்ணு ஒட்டினது. அவளா ஒருத்தனப் பாத்து, அவளா ரிஜிஸ்டர் பண்ணிட்டு, வாசல்ல வந்து செருப்பக் கழட்டினா. மாட்டிக்கிட்டுத் திரும்பிப் போன்னேன். இவர் எனக்குப் பின்னாடி தூண் மாதிரி நின்னாரு. அன்னைக்கே என் தலையில கைய வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். போன் பண்ணக்கூடாது, கடுதாசி போடக்கூடாது, அவ வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. அதுல மட்டும் மனுஷன் யோக்கியன். போனத் தொடல, கடுதாசி இல்ல, அவ இருக்கற தெருப்பக்கம் போகல. கேமச் சொல்ல எனக்குத் தோணாமப் போச்சு. சொல்லாததைச் செய்யறதுல தப்பில்லன்னு இவருக்குத் தோணியிருக்கு. மீட்டர் கணக்குப் பாக்கற புத்தி வேறெப்படிப் போகும்?

எப்படிக் கண்டுபிடிச்சேனா? துப்பாக்கிச் சண்டை நடுவுல எவனாவது சாப்பிட்டியான்னு கேப்பானா? இவர் கேட்டாரு. குண்டு பறக்குது, வீடு எரியுது, இவர் நின்னு நிதானமா, சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டேன்னு கேக்கறாரு. தண்ணி எடுத்துட்டு வர்ற மாதிரி உள்ள வந்து திரையப் பாத்தேன். அவ பொம்மை தலைக்கு மேல பேரு எழுதியிருந்துச்சு, அரை டிக்கெட்னு. ஒசரம் பத்தாதுன்னு சின்னதுல இவர்தான் அவளை அப்படிக் கூப்பிடுவாரு. தண்ணிய வச்சுட்டு வந்துட்டேன். எனக்குத் தெரியும்னு அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

பாவமா? யாரு பாவம்? நானும் அந்தச் சுவத்துல காத வச்சு நின்னவதான் தம்பி. அவ பேசறது எனக்குக் கேக்காது, இவர் சொல்ற பதில்தான் கேக்கும். வேலை எப்படி, இருமல் விட்டுச்சா, அந்தப் பையன் சமைக்கறானா, எல்லாத்துக்கும் பேச்சு ஓடுது. அம்மா நல்லா இருக்கான்னு ஒரு பதில், ஒரே ஒரு நாள், இவர் வாயில இருந்து வரும்னு நின்னேன். அவ கேட்டாத்தானே வரும்.

சரி, விடுங்க. டீ ஆறுது, குடிங்க. அவருக்கிட்ட நீங்க சொல்லலாம், நான் கையப் பிடிக்கல. வாசல்லயே நிறுத்தி, சார், உங்க சம்சாரம்தான் பண்றாங்கன்னு தாராளமாச் சொல்லுங்க. அவர் என்ன பண்ணுவாரு? வந்து என்னைக் கேப்பாரா? எனக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு பயந்து, நாளைக்கே இந்தக் கார்டக் கழட்டி உங்க கடைக்கு அனுப்பிடுவாரு. கம்ப்யூட்டரையே தொட மாட்டாரு. அவளும் தன்னால போயிடுவா. அந்தப் பழி உங்களுக்கு எதுக்கு? எனக்கும் அது பத்தாது. இவரா விட்டுட்டாருன்னு அவ அழுதுட்டுப் போறது ஒண்ணு. இவர் பொய் சொன்னாருன்னு தெரிஞ்சு போறது வேற.

அதனால கார்டு கெட்டுப்போச்சு, ஒயர் சரியில்லன்னு எல்லாம் சொல்லாதீங்க. சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க. சார், கண்டுபிடிச்சாச்சு, ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்துச்சு, இனிமே ஜென்மத்துக்கும் அணையாதுன்னு சொல்லுங்க. அவரே மாட்டின ஸ்க்ரூ, உடனே நம்பிடுவாரு. ஏழு மணிக்கு உக்காந்ததும் மொத வேலையா அவகிட்ட அதைத்தான் சொல்லுவாரு. மெஷின் சரியாயிடுச்சும்மா, இனிமே அறுந்தா என்னைக் கேளுன்னு, தைரியமா, சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு.

கேட் சத்தம் கேக்குதா? அவர்தான். இன்னைக்குச் சீக்கிரமாவே வந்துட்டாரு பாருங்க. அந்தப் பெட்டிய உங்க பையில போட்டுக்கங்க. போறப்போ ஹால்ல பாத்து நடங்க, ஒயர் தடுக்கும். ஒரு சட்டைய மட்டும் தேய்க்காம எடுத்து வச்சிருக்கேன்.