ஆஸ்டின் ஓடாத பிற்பகல்

கார் கழுவுவதற்குத் துணி துவைக்கிற சோப்புத் தூளைப் பயன்படுத்தக் கூடாது. பலருக்கு இது தெரியாது. சாயத்தின் பளபளப்பை அது தின்றுவிடும். மாயாண்டி பல வருஷமாக அதைத்தான் போட்டுக் கழுவியிருக்கிறார். முதல் சந்திப்பிலேயே நான் இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். "சரிங்கய்யா" என்று சிரித்தார். அடுத்த முறை போனபோதும் அதே தூள்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் புகார் கொடுக்க வந்தவன். அர்ச்சுனன் என்கிற ஆள் ஈப்போவில் என் வீட்டு வாசலுக்கே வந்து, என் காரைப் பாராங்கத்தியால் வெட்டினான். புகார் அதைப் பற்றித்தான். நீங்கள் அவனுடைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டீர்கள். எல்லாமே உண்மை. ஆனால் கோபத்தில் சொல்லியிருப்பதால் முன்னுக்குப் பின்னாகக் கிடக்கிறது. நான் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் சிவானந்தன். நில அளவை இலாகாவில் வரைபடக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். இளம் வயதில், கல்யாணத்துக்கு முன், ஆஸ்டின் ஏ-40 ஒன்று வைத்திருந்தேன். சாம்பல் கலந்த பச்சை. ஞாயிற்றுக்கிழமைகளில் லூமுட் வரை ஓட்டிப் போவேன். மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள், நான் காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்பிகையைப் பேசி முடித்தபோது அவளுடைய தகப்பனார், காரை விற்றுவிட்டு வீட்டுக்கு முன்பணம் கட்டச் சொன்னார். கட்டினேன். அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம். நல்ல வீடு. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற கையோடு காரைத் தேடத் தொடங்கினேன். நான் விற்றது கம்பாரில் ஒரு பல் வைத்தியருக்கு. அவர் இறந்துபோயிருந்தார். அவருடைய மகன் பீடோரில் பழனியப்பன் என்ற டயர் கடைக்காரரைக் கைகாட்டினான். பழனியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுங்காய்ல ஒரு தோட்டத்து டிரைவர் கொண்டு போனாரு. இருமிக்கிட்டே போச்சு. இந்நேரம் செத்திருக்கும்லா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மனிசருக்குக் கூட நீங்கள் இப்பிடி அலைஞ்சதில்லை" என்றாள் அம்பிகை.

தோட்டம் சுங்காயிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. தோட்டம் என்று சொல்வது பழக்கத்தால்தான். வெள்ளைக்காரக் கம்பெனி அதைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போயிருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிப் பாதிக்கு மேல் செம்பனை நட்டாகிவிட்டது. தோட்டத்து லாரி போய்விட்டது, மருந்து கொடுத்த டிரெஸரும் போய்விட்டார். லயத்து வீடுகளில் மிஞ்சிய குடும்பங்களுக்கு நாலு சக்கர வாகனம் என்றால் மாயாண்டியின் கார் ஒன்றுதான். மாயாண்டி அந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், மனைவியை இழந்தவர். மகள் மங்களத்தோடும் மருமகன் அர்ச்சுனனோடும் இருந்தார்.

கார் இருந்த நிலையை நான் விவரிக்கப் போவதில்லை. அதில் ஆடு ஏற்றியிருக்கிறார்கள், கருவாடு ஏற்றியிருக்கிறார்கள். பின்னிருக்கையிலேயே சில பிள்ளைகள் பிறந்திருப்பதாக மாயாண்டி பெருமையாகச் சொன்னார். அது தோல் இருக்கை. அதன்மேல் மங்களம் சிவப்புப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். அதைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாங்கய்யா. உள்ள பாத்தா அழுதுருவீங்க" என்றாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள், முதல் பிள்ளை.

காரை எனக்கு விற்கும்படி மாயாண்டியிடம் கேட்டேன்.

"நான் வித்துட்டா, நாளைக்கு ஒருத்தனுக்கு நெஞ்சு வலின்னு வந்து கதவத் தட்டுவான். அவனுக்கு நான் என்னாங்கய்யா சொல்றது?"

"உது என்ர கார், மாயாண்டி."

"இருந்துச்சுங்கய்யா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும் அந்த ஒரு சொல் எனக்குள் தங்கிவிட்டது.

அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறிப் போனேன். போனவுடன், "பசியாறிட்டீங்களா ஐயா?" என்றுதான் மங்களம் கேட்பாள். நன்றாகவே நடத்தினார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் காரைத் துடைப்பேன், எண்ணெய் பார்ப்பேன். கேட்பேன். மாயாண்டி சிரிப்பார். நானும் எவ்வளவு காலம் பொறுப்பது?

போன வருஷம், மழைக்காலம். மாயாண்டி பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல பானெட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ரோட்டர் என்று ஒன்று இருக்கும், கட்டைவிரல் அளவுதான். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் நெருப்பு விழாது. நான் அதைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கார் ஓடாமல் கிடந்தால் அவருக்கே அலுத்துப்போய் விற்றுவிடுவார் என்பது என் எண்ணம். காருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை.

நான் பஸ்சுக்குக் கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மங்களம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போனவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு அப்படியே கீழே உட்கார்ந்தாள். தரையில் ரத்தம் தெரிந்தது. பக்கத்து வீட்டிலிருந்து அர்ச்சுனனின் தாய் இருளாயி ஓடிவந்து பார்த்தாள்.

"இது வீட்டுல வச்சுப் பாக்குற விசயம் இல்ல. நாளும் ஆகல. தாப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா!"

மங்களத்தைத் தூக்கிப் பின்னிருக்கையில் படுக்க வைத்தார்கள். மாயாண்டி ஸ்டார்ட்டரை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அர்ச்சுனனும் இன்னும் சில ஆட்களும் சேற்றில் காரைத் தள்ளினார்கள். நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாயாண்டி இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இந்தக் காடிய என்னைவிட ஒங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் பாருங்கய்யா."

இத்தனை மாதத்தில் அவர் இதை ஒருமுறையாவது ஒப்புக்கொண்டதில்லை.

"நீர் உள்ளை ஏறி இரும். நான் சொல்லேக்கை இழும்" என்றேன். பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். அது எங்கள் இருவருக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றது. மற்றவர்கள் எல்லோரும் மங்களத்தைச் சுற்றிப் பின்கதவு பக்கம் நின்றார்கள்.

இனி நான் சொல்வது அர்ச்சுனனுக்குத் தெரியாது. அவன் வாக்குமூலத்தில் இது இல்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

மூடியைக் கழற்றினேன். ரோட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டேன், உள்ளங்கையில் இருந்தது. செருகி மூட வேண்டியதுதான், ஒரு நிமிஷ வேலை. என்னை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஐயா கை வைத்ததும் ஓடியது என்றுதான் பேசியிருப்பார்கள். அதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் இன்று இது ஓடிவிட்டால் மாயாண்டி சாகும்வரை இதை விற்கமாட்டார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு மங்களம், நாளைக்கு வேறொருத்தி. அந்த இருக்கைக்கு ஒரு முடிவே இருக்காது. ரோட்டரைத் திரும்பப் பைக்குள் போட்டேன். மூடியைப் பூட்டினேன். பானெட்டை மெல்ல இறக்கினேன். அதை அடித்துச் சாத்தக் கூடாது, தகடு நெளிந்துவிடும்.

"ஓடாது, மாயாண்டி. வேற வாகனம் பாரும்" என்றேன்.

நான் பொய் சொல்கிற ஆள் அல்ல. அந்த நேரத்தில் அது ஓடாதுதான்.

அர்ச்சுனன் மோட்டார் சைக்கிளில் முச்சந்தி மளிகைக்கடை வேனைக் கூப்பிடப் போனான். வேன் மீன் எடுக்க ஹுத்தான் மெலிந்தாங் போயிருந்தது. அது திரும்பும் வரை அவன் அங்கேயே காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கே பின்கதவு திறந்திருந்ததால் சாரல் உள்ளே அடித்தது. மங்களத்தின் முகத்தில் விழாதபடி நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க போங்கய்யா. பஸ்சு போயிரும்" என்றாள்.

குடையை இருளாயியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பஸ்சைப் பிடித்துவிட்டேன்.

மங்களமும் பிள்ளையும் தாப்பா போய்ச் சேரவில்லை என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் அறிந்தேன். மாயாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரை அவர் தொடவே இல்லை, யாரும் தொடவில்லை. கோழிகள் அதன் கீழே மேய்ந்தன.

"கொண்டு போயிருங்கய்யா" என்றார். "என் கண்ணு முன்னால அது நிக்க வேணாம்."

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. எதையும் சும்மா வாங்கிக்கொள்வது என் பழக்கமில்லை. கருமாதிச் செலவுக்கு ஒரு மூட்டை அரிசி இறக்கிக் கொடுத்தேன். நல்ல அரிசி.

கருமாதியன்று எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். பெயர் மாற்றும் வேலையெல்லாம் முடிந்திருந்தது. சட்டப்படி அது என் கார். புது பேட்டரி கொண்டுபோய் மாட்டினேன், ரோட்டரைச் செருகினேன், ஸ்டார்ட்டரை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்தான், மொட்டையடித்த தலையோடு. மறந்துவிட்டுப் போன எதையோ எடுக்க வந்திருக்கிறான்.

"என்னா வச்சீங்க அதுல?" என்றான்.

"ரோட்டர்."

"அது எங்க இருந்துச்சு?"

"என்னட்டை" என்றேன்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னேன். அவனுக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு வழிவிட்டான். பிறகு எப்போதோ சுங்காயில் ஒரு மெக்கானிக்கிடம் ரோட்டர் என்றால் என்னவென்று விசாரித்திருக்கிறான்.

காரை ஈப்போவுக்குக் கொண்டுவந்து முழுவதும் பிரித்தேன். சாயம் அதே சாம்பல் பச்சை. பூத்துணியை எரித்துவிட்டு இருக்கைக்குப் புதுத் தோல் போட்டேன். பழைய தோலைத் துடைத்துப் பார்த்தேன், கறை போகவில்லை.

போன சனிக்கிழமை காலையில் அர்ச்சுனன் வந்தான். என்னைத் தொடவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் நின்று, நான் செய்தது என்ன என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னான். பிறகு பாராங்கத்தியை எடுத்து பானெட்டிலிருந்து ஆரம்பித்தான். நான் உதவிக்குக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள். எல்லோரும் என்னோடு பல வருஷம் பழகியவர்கள். அம்பிகை வாசற்படியில் நின்றாள். டெலிபோன் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு தைப்பிங்கில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அர்ச்சுனன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அவன் துக்கம். மற்றவர்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கண்ணெதிரே ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது, காப்பாற்ற ஒரு கை நீட்டினால் போதும் என்று தெரிகிறது. அப்படியிருந்தும் மனிதர்கள் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, எப்படி மனம் வருகிறது?