அடிக்க மாட்டேங்கிறவனுக்கு ஒரு ரூல்

இல்ல தம்பி, அந்த ரூல் நீங்க அச்சடிக்கக் குடுத்த வெளையாட்டுப் புஸ்தகத்துல இல்லவே இல்ல. முழுசா டைப் அடிச்சவன் சொல்றேன். கத்தி எடுத்தா என்ன, கோடாலி எடுத்தா என்னன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீக. ஒருத்தன், நான் யாரையும் அடிக்க மாட்டேன்னு உக்காந்துட்டான்னா? அப்பிடி யாரு சொல்லப் போறாகங்கிறீகளா? சொல்லுவாக. எங்க கூட்டத்துலயே ஒருத்தன் இருக்கான்.

ரெண்டு தீவாளிக்கு முன்னாடி பெங்களூர் கம்பெனி ஒண்ணு, இதே மாதிரி கதை வெளையாட்டுக்கு நம்ம பிரஸ்ல ஆர்டர் குடுத்தாக. ஒருத்தன் கதை சொல்லணும், மத்தவுக ஆளுக்கொரு வேசம் கட்டி, இதச் செய்றேன் அதச் செய்றேங்கணும், நடக்குமா நடக்காதான்னு தாயக்கட்டை சொல்லும். உங்களுக்குத் தெரியாததா? கழிச்சுப்போட்ட அட்டைய வச்சு, ஞாயித்துக்கெளமை மத்தியானம் நாங்களும் ஆட ஆரம்பிச்சோம். கதை சொல்றது நானு. மெஷின் ஓட்டுற வெள்ளைத்துரை கோடாலிக்காரன். பாலகுரு வைத்தியன்.

பாலகுரு அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறவன். தாயக்கட்டையத் தொடுமுன்ன கையக் கழுவிட்டு வருவான். கதையில எந்தக் கதவு வந்தாலும், மொதல்ல செம்புத் தகட்டைத் தொட்டுக்கிடுறேம்பான். மருந்து ரூமுக்குள்ள அப்பிடித்தான் போகணும், இல்லாட்டி ஒடம்புல இருக்குற கரண்டே பொறி தட்டிரும். ஏலே, இது ராட்சசன் கோட்டைலேன்னு வெள்ளைத்துரை தலையில அடிச்சுக்கிடுவான்.

இவன் அடிக்கவே மாட்டேன்னுட்டான். அந்தக் கம்பெனி புஸ்தகப்படி ஆளைச் சாச்சாத்தான் பாயிண்டு. சரி, பேசி நிப்பாட்டினாலும் பாயிண்டு உண்டுன்னேன். பாவிப்பய, பேசிப் பேசியே எல்லாச் சண்டையவும் முடிச்சுட்டான். பெறகு நான் எதுக்குய்யா கோடாலியத் தூக்கிட்டு அலையிறேன்னு வெள்ளைத்துரை கோவிச்சுக்கிட்டான். கதையும் சப்புன்னு போச்சு. அப்பறந்தான் இன்னொரு ரூல் போட்டேன். பேசலாம், ஆனா வர்ற அடிய நீயே வாங்கிக்கிடணும். அது சரியா உக்காந்துச்சு தம்பி. அவன் வைத்தியனுக்கு ஒரு கை போச்சு, ஒரு கண்ணு போச்சு. சரின்னுட்டு ஆடுறான். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

வெளையாட்டுக்கு எதுக்கு ஆத்திரமா? கேளுங்க.

போன வருசம் கதையில ஒரு கங்காணியக் கொண்டாந்தேன். நேத்துக் கலக்கி மிஞ்சுன மருந்த வீணாக்காதீக, அதையே வெடிக்குள்ள அடைங்கன்னு ஏவுறவன். மிஞ்சுன மருந்து ராத்தங்கக் கூடாது தம்பி, தானா சூடேறிக்கிடும். இங்கன சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும். உள்ள உக்காந்து அடைச்ச பொம்பளைக அம்புட்டுப் பேரும் கருகிட்டாக. அவன் வெளிய நின்னதால தப்பிச்சுட்டான்.

போன ஞாயித்துக்கெளமை அந்தக் கங்காணிய மருந்து அடுக்கி வைக்கிற கிட்டங்கியில தனியாத் தூங்க வச்சேன். பாலகுரு கையில தீப்பெட்டியக் குடுத்தேன். தாயம் வேண்டாம், ரூல் வேண்டாம், உரசிப் போடு, அம்புட்டுத்தான்னேன். வெள்ளைத்துரைகூடக் கெஞ்சுறான். இவன், உள்ள ஆளுக இருப்பாகங்கிறான். கதை சொல்றது நான்லே, எவனும் இல்லலேன்னு கத்துறேன். எப்பவும் இருப்பாகன்னுட்டு, தீப்பெட்டிய வெளியவே வச்சுட்டு, உள்ள போயி அந்த நாய எழுப்பிக் கூட்டியாந்துட்டான்.

இதுக்கு என்ன ரூல் எழுதுவீக?

இல்ல, இனி அவன் ஆட வர மாட்டான். சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஞாயித்துக்கெளமையும் வேலை. அவன் வேலை பாத்த அதே எடந்தான், மூடிக் கெடந்ததப் பேர மாத்தித் தெறந்துட்டாக. போர்மேனும் அதே ஆளுதான். மிஞ்சுன மருந்த அடைக்கச் சொன்னவன். ஆமா, அது கதையில்ல, போன வருசம் அந்தக் கம்பெனியில நெசமா நடந்தது. பாலகுரு பொண்டாட்டி பொன்மணி அந்த ரூமுலதான் இருந்தா. முந்தாநேத்து கம்பெனி வேன் வந்துச்சு, ஏறிப் போயிட்டான். வேற எங்கன போவான், பிள்ளைக்குச் சோறு போடணும்ல.

எனக்கு ஏன் இம்புட்டுக் கோவமா? பொன்மணி என் கூடப்பொறந்தவ தம்பி. ஒரே தங்கச்சி. ஒரு தடவை, பொய்யாவாச்சும் அவன் கை ஓங்கியிருக்கலாம்னு இருக்கு.

நானா? நான் என்னத்தச் செஞ்சேன்... அந்தக் கம்பெனியோட புதுப் பேருக்குப் பட்டாசு லேபிள் நம்ம பிரஸ்லதான் ஓடுது. நாந்தான் டைப் அடிச்சுக் குடுத்தேன்.