குட்டைத் திருகு

– கைய எடுங்க அண்ணி. உள்ள தோட்டா இல்ல, பார்த்துட்டேன். பின்கட்டை ஆடுது. பிரிச்சுப் பார்க்காம விடமாட்டேன்.

– பிரி, நல்லா பிரி. திருப்புளி கைல இல்லாட்டி உனக்கு ராத்திரி தூக்கம் வராதே. அண்ணி சுட்ட துப்பாக்கில ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே?

– கண்டுபிடிக்க வேற வேணுமா? தோள்ல வச்சாலே விழப்போற பல்லு மாதிரி ஆடுது. இதை வச்சுக்கிட்டா அத்தனை மண்தட்டையும் சுட்டீங்க?

– சுட்டேன்.

– எத்தனை உடைஞ்சுச்சு?

– நடுவர் கூட்டிப் பார்த்துச் சொல்வார், உனக்கென்ன அவசரம்? காலைல நீ சுட்ட அழகை நான் கேட்டேனா? மேல பறக்கவிட்ட தட்டு ஒவ்வொண்ணும் அலுங்காம தரைல போய் உக்காந்துச்சே. பொறுக்கி எடுத்தா ஒரு தெருவுக்கே சோறு போடலாம்.

– வாயிருக்குன்னு பேசாதீங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என் கை குட்டை, உங்க கை நீளம். நான் சுட்டு முடிச்சதும் பின்னால இருக்கிற ரப்பரைக் கழட்டி, நடுவுல இந்த மரத்துண்டை வச்சு, நீளத் திருகு ரெண்டையும் போட்டு முடுக்கணும். ஒரே துப்பாக்கிய ரெண்டு பேரும் வச்சுக்கிட்டதுலேர்ந்து இதானே பழக்கம்?

– அதைத்தான் பண்ணினேன்.

– பண்ணின லட்சணம் இதோ. மரத்துண்டு இருக்கு, சரி. போட்டிருக்கிறது என்னோட குட்டைத் திருகு! துண்டைத் தாண்டி நுனி மட்டும் கட்டையக் கடிச்சிருக்கு. நாலு வெடி வெடிச்சா கழண்டுக்காதா?

– அப்ப நீதான் டப்பால மாத்தி வச்சிருப்பே. லேத்துல கடைஞ்சது நீ, எண்ணெய் தடவி எடுத்து வச்சது நீ. இப்ப வந்து என் தலைல கட்டப் பார்க்கறியா?

– திருகுல கலப்படம் பண்ற கை இல்ல இது.

– ஆமாமா, பட்டறையே உன் ஒருத்தி கைலதானே ஓடுது. என் புருஷனும் நானும் சும்மா தூசி தட்ட வந்தவங்க.

– பேச்சை மாத்தாதீங்க. உங்க கோட்டுப் பையில என்னமோ கலகலங்குதே, என்னது?

– சாவி.

– எங்க, காட்டுங்க. காட்டுங்கன்னா! இந்தா, நீளத் திருகு ரெண்டும் இங்க இருக்கு. இது எந்தப் பூட்டோட சாவி அண்ணி?

– கைய விடுடி. வலிக்குது.

– இப்பப் புரியுது உங்க சூழ்ச்சி. தட்டெல்லாம் தப்பிப் போச்சா, உடனே ஓடிப்போய் "துப்பாக்கி பழுது, நாத்தனார்தான் கழட்டி வச்சா"ன்னு மூக்கைச் சிந்தணும். அவங்களும் பாவம் பார்த்து மறுபடி சுடவிடுவாங்க. போட்டிக்கு வரவேண்டிய அந்த டீச்சரம்மாவும் கை சுளுக்கி வராம போயிட்டாங்க. மிச்சம் நீங்களும் நானும். பயிற்சி முகாம்ல இருக்கிறது ஒரே இடம். அதை என்கிட்டேர்ந்து இப்படிப் பறிக்கலாம்னு பார்த்தீங்களா? வெக்கமா இல்ல?

– யாருடி ஓடினா? நடுவர் எனக்குப் பின்னாலயேதான் நின்னார். பழுதுன்னு கைய தூக்கியிருந்தா அங்கேயே நிறுத்தியிருப்பார். தூக்கினேனா?

– தூக்கல.

– கடைசித் தட்டு வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு சுட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் கட்டை துள்ளிக் கன்னத்துல அறைஞ்சுச்சு. இந்தப் பக்கம் பாரு.

– அடக்கடவுளே, கண்ணு வரைக்கும் வீங்கிக் கெடக்கு. நல்லா வேணும். யாராவது தெரிஞ்சே தனக்குத் தானே இப்படிப் பண்ணிக்குவாங்களா?

– பண்ணிக்குவாங்க. ஜெயிக்கிறவ பெட்டியத் தூக்கிக்கிட்டு முகாமுக்குப் போகணும். வேற ஊரு. ரெண்டு வருஷம். அந்தப் பெட்டி உன்னோடதா இருக்கணும்னு பண்ணினேன்.

– என்னது?

– பின்ன? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து உன்கூட ஒரே அடுப்புல மல்லுக்கட்டுறேன். உப்பு போட்டா ஏன் போட்டே, போடலன்னா ஏன் போடல. என் புருஷன்கிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசணும்னா அவரை வண்டில ஏத்தி ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போகவேண்டியிருக்கு. நீ கொஞ்ச நாள் தொலைஞ்சாத்தான் எனக்கு மூச்சு வரும்.

– அதுக்கு, நான் வரலன்னு வாயைத் திறந்து சொல்றதுதானே?

– உங்கண்ணன்கிட்டயா? நம்ம வீட்லேர்ந்து ஒருத்தி போகப்போறான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கார். வரலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார். தோக்கறதுதான் ஒரே வழி. சரி, நாலு தட்டு விட்டா போதும்னு நெனச்சேன். காலைல பார்த்தா நீ கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி சுடுற. அதுக்கும் கீழ நான் எங்க போறது? அவர் வேலியோரம் நின்னு கண் கொட்டாம பார்த்துக்கிட்டிருக்கார், வேணும்னு விட்டா தெரிஞ்சுடும். கேட்டா ஆடுற கட்டையக் காட்டலாம்னுதான் குட்டைத் திருகைப் போட்டேன். போ, போய்த் துணிமணிய மடிச்சு வை.

– அண்ணி.

– இன்னும் என்ன?

– என் கண்ணை யாரும் கட்டல. நல்லாத்தான் தெரிஞ்சுச்சு.

– அப்படின்னா?

– நான் முகாமுக்குப் போயிட்டா என் லேத்துல யாரு வந்து நிப்பா? உங்க தம்பி. போன்ல அவன்கிட்ட நீங்க ஆசை காட்டினதைக் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அந்த மெஷினைத் தொட்டா எனக்கு எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு தெரியும். அதுல இன்னொருத்தன் கை பட விடமாட்டேன். உங்களை ஊரைவிட்டு அனுப்பணும்னுதான் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முழம் தள்ளிச் சுட்டேன்.

– அடிப்பாவி! எனக்காகவா அத்தனை தட்டையும் விட்டே?

– உங்களுக்காக இல்ல. உங்களை ஒழிக்க.

– நான் போகமாட்டேன்டி. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலும் போகமாட்டேன்.

– நான் மட்டும் போயிடுவேனா? யாரோ வர்றாங்க, வாயை மூடுங்க.

– அம்மா, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? நடுவர் நானே உங்களைக் கூப்பிட வந்தேன். நாலு தடவை கூட்டிப் பார்த்துட்டேன், ரெண்டு பேரும் சமம். கிளப் துப்பாக்கி ஆளுக்கு ஒண்ணு தர்றோம், உடனே வாங்க. மாத்தி மாத்தி ஒவ்வொரு தட்டா விடுவோம். பயப்படாதீங்க, விதி ரொம்ப சுலபம்: முதல்ல தப்பவிடுறவங்க வீட்டுக்குப் போயிடலாம்.