இஞ்சின் பின்னால் இருக்கும் வண்டி

டர்போ வைத்த வண்டியை ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பி உடனே அணைத்துவிடக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, இஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுகிற சின்னச் சக்கரம் அது. ஓடி வந்த சூட்டில் பழுத்துச் சிவந்திருக்கும். இஞ்சினை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், சக்கரம் மட்டும் காய்ந்துபோய்ச் சுற்றும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு தணிந்த பிறகு அணைத்தால் போதும். அந்தப் பொறுமைகூட இல்லாதவர்களிடம் இந்த வண்டிகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் எனக்கு எப்போதும் வருத்தம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், ஐயா. தேநீர் நன்றாக இருந்தது. நீங்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதில் எனக்குக் கோபம் இல்லை. போன ஒரு வருடமாக எங்கள் கூட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் எள்ளளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவன். அது பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் அந்த வண்டிதான். இரண்டே பேர் உட்காரலாம். இஞ்சின் முன்னால் இருக்காது, இருக்கைக்குப் பின்னால் இருக்கும். காலை அழுத்தினால் ஒரு நொடி யோசிக்கும், பிறகு முதுகில் யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் பாயும். கொஞ்சம்தான் செய்தார்கள், அதற்குள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஓடுகிற நிலையில் எங்கள் வட்டாரத்தில் மிஞ்சியது ஒரு டஜன்கூட இல்லை. அதை வைத்திருக்கிறவர்கள் ஒன்றுகூடி ஒரு குழுவாக ஆனோம். தச்சர் ஒருவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், இப்படி. ஒவ்வொரு வண்டியையும் படமெடுத்து, எந்தப் பாகம் பிறவியிலேயே வந்தது, எது பிறகு மாற்றியது என்று ஆவணப்படுத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என்னைப் பதிவாளர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாட்டாக வைத்த பெயர்தான். ஆனால் ஒரு வண்டி அசலா போலியா என்று தெரியவேண்டுமானால் என் வாயைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வண்டிக்கு ஒரு பெரிய குறை உண்டு. டர்போவைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூடு நாளாவட்டத்தில் விரிசல் விடும். அதை எங்கும் செய்வதில்லை. விரிசலைப் பற்றவைத்து ஒட்டினாலும் நிற்காது. ஆக, ஒரு வண்டியின் கூடு போய்விட்டால் வேறொரு வண்டி செத்தால்தான் அது பிழைக்கும். வேன் ஓட்டுநரின் நண்பர் ஒருவருடைய வண்டி மரம் விழுந்து நசுங்கியபோது அப்படித்தான் நடந்தது. அதன் உறுப்புகள் யாருக்கு என்று முடிவு செய்யச் சொல்லி என்னிடம் விட்டார்கள். அந்த வாரம் முழுக்க என் போன் ஓயவில்லை. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கடைக்கு வந்து, வேண்டாத கண்ணாடியை வாங்கிக்கொண்டு, மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார்கள். கூடு ஒன்றுக்கு, மற்ற பாகங்கள் இரண்டுக்கு என்று மூன்று வண்டிகளை அந்த ஒன்று காப்பாற்றியது. எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஆனால் மரம் அடிக்கடி விழாதே.

முதலில் தச்சரின் வண்டி. அவர் நல்ல மனிதர். ஆனால் வண்டியை வெயிலில் போடுவார், மேலே பலகை அடுக்குவார். படமெடுக்க அதை என்னிடம் கொண்டுவந்த வேளையில், தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை நான் கொஞ்சம் தளர்த்தினேன். கண்ணாடியின் காதுக் கம்பியைத் தளர்த்துவதைவிடச் சின்ன வேலை. இஞ்சின் தண்ணீரில்லாமல் கொதித்து வெடித்துவிட்டது. டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை; அதன் கூடு பிறகு வேறொரு வண்டியைப் பிழைக்கவைத்தது. தச்சர் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். நான் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் என் கையால இறுக்கின வளையம் இது. யாரோ தொட்டிருக்காங்க,” என்றார்.

“பழைய ரப்பர்ங்க. சுருங்கியிருக்கும்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல், சுற்றி நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பார்வை.

அடுத்தது வேன் ஓட்டுநரின் வண்டி. அதையும் விரிவாகச் சொல்ல வேண்டுமா? அதே வழிதான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் பழையபடி இல்லை. முன்பெல்லாம் மூடியைத் திறந்துபோட்டுவிட்டு அரட்டையடிப்போம். இப்போது எல்லாரும் இஞ்சின் மூடிக்குப் பூட்டு போட்டார்கள். வண்டியை விட்டுப் பத்தடி நகரமாட்டார்கள். ஒருவர் குனிந்தால் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். சிரிப்புக்கூட அளவாகத்தான் வந்தது.

என் மனைவியின் தம்பி எங்களுக்கெல்லாம் வண்டிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பான். எல்லா வண்டியின் சாவியும் ஏதோ ஒரு சமயம் அவன் கைக்குப் போயிருக்கிறது. சொந்தமாக வண்டி கிடையாது. பொறாமை என்றார்கள். பாகத்தைக் கழற்றி விற்கிறான் என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. நான் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம். “அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க” என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அது போதுமாக இருந்தது.

ஒரு நாள் கடையில் என் மனைவி கேட்டாள். கண்ணாடி துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

“கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? என் தம்பிதான் செஞ்சான்னு நீங்க நம்புறீங்களா?”

“நான் நம்புறது என்ன கணக்கு? எல்லாரும் நம்புறாங்களே.”

“எல்லாரையும் நான் கேக்கல. உங்களைக் கேட்டேன்.”

“அவனைக் கொஞ்ச நாள் வரவேண்டாம்னு சொல்லு. தானா அடங்கிடும்.”

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என் விரல்களைப் பார்த்தாள். நான் எப்போதும் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறேன். ஆனாலும் நகக்கண்ணில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் வண்டி நிற்கும் ஷெட்டின் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள், அவ்வளவுதான். என்னிடம் இன்னொரு சாவி இருந்தது.

இப்போது டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

குழுவிலேயே வண்டியைச் சரியாக வைத்திருந்தவர் அவர்தான். கொஞ்சம் சூடு ஏறினாலும் ஓரம் கட்டிவிடுவார். தண்ணீர்க் குழாய் வித்தை அவரிடம் பலிக்காது. அவருடைய டர்போக் கூட்டில் மயிரிழை விரிசல்கூடக் கிடையாது. அதை வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தச்சர் அழுததைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். ஒரு நாள் கடைக்கு வந்து, கல்லாவின் மேல் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உள்ளே மெழுகில் செதுக்கிய கூடு. அச்சு அசல்.

“அண்ணா, பல்லுக்கு உறை எப்படிச் செய்றோம்? மெழுகுல வடிச்சு, மேல அச்சு கட்டி, மெழுகை உருக்கி எடுத்துட்டு உலோகத்தை ஊத்துறோம். இதையும் அப்படி ஊத்துனா என்ன?”

“இதோட சூடு வேற, டாக்டர். பல்லு மாதிரி இல்ல.”

“தெரியும். அதுக்குத் தகுந்த உலோகம் பார்த்து வெச்சிருக்கேன். வந்துட்டா பாருங்க, யாரும் யாரையும் சந்தேகமாப் பாக்க வேண்டியதில்ல. பெயின்டர் தம்பியும் பழையபடி வந்து உக்காரலாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி வெகுநேரம் என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு அவர்மேல் எந்தக் காழ்ப்பும் இல்லை. கொள்கைதான் காரணம். இன்றைக்குக் கூடு வார்ப்பார்கள். நாளைக்கு இஞ்சினையே வார்ப்பார்கள். அப்புறம் எது அசல், எது நகல்? ஆளாளுக்கு ஒன்று கட்டி நிறுத்திக்கொண்டு அபூர்வம் என்பார்கள். பதிவு என்பதற்கே பொருள் இருக்காது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். சொன்னேன். “ஓடுற வண்டிதானே அண்ணா வண்டி?” என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

உலோகத்தில் முதல் கூடு வந்துவிட்டதென்று அவர் போனில் சொன்னார். சோதித்துப் பார்த்தாராம், சிவக்கச் சிவக்கக் காய்ச்சியும் விரிசல் விடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கத்தடியில் எல்லாரும் கூடும்போது காட்டப்போகிறேன், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். நான் சொல்லவில்லை. அதற்கு முன்பு வண்டியைப் புதிதாகப் படமெடுத்துவிடலாம், கொண்டுவந்து விடுங்கள் என்றேன். சந்தேகம் இல்லாமல் சாவியைக் கொடுத்தவர் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான்.

அந்த வண்டியில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனி வழி. ஒன்று கசிந்தாலும் மற்றது பிடித்து நிறுத்தும். கெட்டிக்காரத்தனமான அமைப்பு. அதனால் இரண்டின் இணைப்பையும் தளர்த்தினேன், சமதளத்தில் பிடிக்கிற அளவுக்கு, இறக்கத்தில் மிதிக்க மிதிக்கக் கைவிடுகிற அளவுக்கு. பிரேக்கைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்டீர்கள். இஞ்சின் பின்னால் இருக்கிறதே. வண்டி முன்பக்கமாக மோதினால் டர்போவுக்குச் சேதம் வராது. முன்னால் இருப்பது ஓட்டுகிறவர் மட்டும்தான்.

மற்றவர்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள். ஓடும் வண்டியைப் படமெடுக்க வேண்டும், நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லி அவரை அதுவரை நிறுத்திவைத்திருந்தேன். காலை வெயில் நன்றாக இருந்தது. நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் சாலையின் முதல் வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது. இரண்டாவதில் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மூன்றாவது வளைவில் எரிந்தபடியே நேராகப் போய்ப் பாறையில் மோதினார்.

நான் என் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவர் வண்டியின் பின்பக்கம் லேசாகப் புகை வந்தது. என்னிடம் இருந்த தீயணைப்பான் சின்னது. அதை இஞ்சின்மேல் அடித்தேன், புகை அடங்கியது. அதில் தப்பு சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். டர்போ பத்திரமாக இருந்தது. படம் எடுத்தேன். மோதிய வண்டியை மற்றவர்கள் தொடுவதற்கு முன்னால் ஆவணப்படுத்திவிட வேண்டும்.

டாக்டருக்கு நினைவு இருந்தது. கால் உள்ளே மாட்டியிருந்தது. பேசுகிறார் என்பது தெரிந்தது. பக்கத்தில் போனேன்.

“அண்ணா... வந்துட்டீங்களா. பிரேக் புடிக்கல அண்ணா.”

“பேசாதீங்க டாக்டர்.”

“போன் பண்ணுங்க. ரத்தம் நிக்கல.”

பக்கத்து இருக்கையில் துணிப்பொட்டலம் இருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டேன். பிடித்துக்கொள்ளத்தான் கொடுக்கிறேன் என்று நினைத்து அவரும் கையை நீட்டினார். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். பிரித்து, உள்ளே இருந்த உலோகக் கூட்டைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், ஐயா, இத்தனை வருடத்தில் நான் பார்த்த எந்த அசலையும்விட அது நேர்த்தியாக இருந்தது. சாலையோரம் வரை நடந்துபோய்த் தண்ணீரில் எறிந்தேன். அச்சை உடைத்துத்தான் வார்ப்பை எடுக்க வேண்டும், ஆகவே அச்சு மிச்சமில்லை. அளவுகள் எல்லாம் அவர் தலையில்தான் இருந்தன. அவர் பிழைத்தால் இன்னொன்று செய்வார்.

அதனால்தான் போன் செய்யத் தாமதித்தேன். திரும்பி வந்து என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடுவது நின்ற பிறகு உங்களுக்குச் சொன்னேன்.

என் மைத்துனனை நீங்கள் பிடித்துப்போன அன்று, என் மனைவி வாசலில் நின்று, “இப்பவாவது வாயத் திறங்க” என்றாள். நான் திறக்கவில்லை. அவனுக்காக இன்று வந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிக்கிறவன் அவன். இரண்டு வழியையும் அளவாகத் தளர்த்தினான் என்று நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நான் வந்தது வேறு ஒன்றுக்கு. டாக்டரின் வண்டியை உங்கள் ஸ்டேஷன் பின்புறத்தில் போட்டிருக்கிறீர்கள். மேலே ஒரு தார்ப்பாய்கூட இல்லை. இரண்டு நாளாக மழை. திறந்த மூடி வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. வழக்கு முடிகிற வரை அது அங்கேயே கிடக்கும் என்று காவலர் சொன்னார். சீக்கிரம் முடியட்டும் என்றுதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டிகளைக் கெடுத்தவன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவற்றுக்கு நான் ஒருநாளும் கெடுதல் நினைத்தவன் இல்லை.