ஆணி படாத மரம்

...அவனெல்லாம் ஒரு மரம் ஏறுறவனா சார்? கால்ல ஆணிய மாட்டிக்கிட்டு சதக்கு சதக்குன்னு குத்திக்கிட்டே ஏறுறான்! இங்க சார், மேல பாருங்க, மரத்து மேல. பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்தவங்கதானே நீங்க? குப்பைய அப்புறம் கொட்டலாம், கூடையக் கீழ வைங்க. இதக் கேளுங்க.

வேற யாரு, என் மச்சான்தான். பொண்டாட்டியோட தம்பி. 'சும்மா இருக்கான், கூட வச்சுக்கோங்க'ன்னா. வச்சுக்கிட்டேன். என் புத்தி! அதோ, தெருமுனையில வேன்ல காலை நீட்டிப் படுத்திருக்கான் பாருங்க மகராசன். வெட்டிச் சாய்க்கப்போற மரம்னா அந்த ஆணி வச்ச ஸ்பைக்க மாட்டிக்கோ, யாரு கேக்கப்போறா? இது உசுரோட நிக்கிற மரம் சார்! கிளையக் கழிச்சுவிடத்தானே வந்திருக்கோம்? ஒவ்வொரு குத்தும் ஒரு புண்ணு. பூச்சி போகும், தண்ணி எறங்கும், உள்ளுக்குள்ள சொத்தையாயிடும். முடிவெட்டப் போனா மண்டையில ஓட்டை போட்டா அனுப்புறாங்க?

அதுக்கு அவன் சொல்றான், 'மரம் அழுவுதா மாமா? நீ கயிறு போடுறதுக்குள்ள நான் ரெண்டு மரம் முடிச்சிருப்பேன்'னு. கொழுப்பு!

இந்த வீட்டுக்கார அம்மாகிட்ட 'ஒரு ஓட்டை விழாது'ன்னு சத்தியம் பண்ணித்தான் சார் வேலைய வாங்கினேன். இது ஒழுங்கா முடிஞ்சா இந்தத் தெரு மரம் பூரா எனக்குத்தான். மத்தியானம் வந்து பட்டையத் தடவித் தடவிப் பாப்பாங்க...

சார் சார், கயித்த மிதிக்காதீங்க! ஆமா, என்னோடதுதான். அது ஏன் கீழ கெடக்குன்னா... அத விடுங்க.

இல்ல, விழமாட்டேன். இடுப்பு பெல்ட்டக் கிளையோட மாட்டியிருக்கேன். எறங்கத்தான் முடியாது. அடிமரம் வழவழன்னு இருக்கு, கட்டிப்பிடிக்கக் கை பத்தாது... சிரிக்காதீங்க சார். கிளை மாறலாம்னு கயித்தக் கழட்டிக் கையில வச்சிருந்தேன். இவன் கீழ நின்னு 'ஸ்பைக்க மாட்டவா மாமா'ன்னு பல்லக் காட்டினான். வந்துச்சு பாருங்க கோவம்! கையில இருந்தத அப்படியே அவன் மேல வீசிட்டேன். மொத்தக் கயிறும். அவன் மேலயும் படல! 'கூப்பிடு மாமா, ஸ்பைக்கோட வர்றேன்'னுட்டுப் போய்ப் படுத்துட்டான்.

ஏணியா? பாதிதான் எட்டும். கயித்த எறியுறீங்களா? எறிங்க... ம்ஹும். இன்னும் மேல... ஐயோ ஜன்னல் சார், ஜன்னல்! விடுங்க, போதும்.

எங்க கெளம்பிட்டீங்க? சார்! அந்த வேன் பக்கம் மட்டும் போவாதீங்க! கொஞ்ச நேரம் இருங்க, நானே ஒரு வழி... கதவத் தட்டாதீங்க சார்!

தட்டிட்டாரு. மனுஷன் அப்படியே அவர் வீட்டுக்குள்ளயும் போயிட்டாரு.

வர்றான். இவன் என்ன, ஸ்பைக்க மாட்டிக்கிட்டேதான் படுத்திருந்தானா!

வாடா மச்சான். இளிக்காத. ஆளக் காப்பாத்துறதுக்கு ஸ்பைக் போடலாம், அது தப்பில்ல, நானே உனக்குச் சொல்லியிருக்கேன்ல... கயித்தத் தோள்ல போட்டுக்க. அங்க இல்லடா, மதில் பக்கமா ஏறு! அந்தம்மா கை அங்க எட்டாது.

டேய்... மெல்லக் குத்துடா.