ஆற விட்ட கறி

பன்றிக்கறி வறண்டு போவதற்குக் கறி காரணமில்லை ஐயா, அவசரம்தான் காரணம். எலும்போடு கனமாக வெட்டிய துண்டில் முன்கூட்டியே உப்புத் தடவி வைக்க வேண்டும். குளிர் விட்டதும் ஈரத்தை ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த சட்டியில் போட வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் என் மச்சானுக்கு வராது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவார். நல்ல மனிதர், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சட்டியில் வேகும் கறியைத் தட்டைக் கரண்டியால் அழுத்துவார். சாறு கொட்டிச் ‘சுர்ர்’ என்று கேட்டால் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். இறக்கி வைத்த உடனே கத்தியையும் விட்டுப் பார்ப்பார்.

“வெந்துடுச்சான்னு பாத்தேன் மாப்ள. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க?”

இறைச்சிக்கடைக்காரன் வீட்டில் கட்டையாய்ப் போன கறியை மென்றுகொண்டு “பரவாயில்லையே” என்பார். மனைவியும் தலையாட்டுவாள். எனக்கு வயிறு எரியும்.

நேற்று சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, கீழே கடையில் கறியை உறைய வைக்கும் அறையிலிருந்து இன்னும் ரெண்டு துண்டு எடுத்து வரும்படி மச்சானிடம் சொன்னேன். துள்ளிக்கொண்டு போனார். பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். உள்பக்கக் கைப்பிடி உடைந்திருப்பது எனக்குத் தெரியும்.

பிறகு நிம்மதியாகச் சமைத்தேன். கொழுப்பு ஓரத்தை நிறுத்தி வைத்து உருக்கினேன். வெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு மேலே அள்ளி ஊற்றினேன்.

“கீழ என்னங்க சத்தம்?”

“உங்கண்ணன்தான், கறியைப் போட்டுத் தட்டிக்கிட்டிருக்காரு. கை சும்மா இருக்காதே அவருக்கு.”

மனைவி சிரித்தாள். கறியை இறக்கி மூடி, ஆற விட்டேன். யாரும் தொடவில்லை. வெட்டியபோது தட்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் எங்கே என்று கேட்டாள், அவசர வேலையாகக் கிளம்பிவிட்டார் என்றேன். அவருடைய பங்கையும் அவளே சாப்பிட்டாள்.

காலையில் நானே கதவைத் திறந்தேன், நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். குளிரிலிருந்து எடுத்ததை உடனே சூட்டில் வைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் வெளியே கிடக்கட்டும் என்று வந்தவர்களிடம் சொன்னேன். இனி அவசரமே இல்லை என்றார்கள். இத்தனை நாளாக நான் சொன்னதும் அதைத்தான்.

ஆமாம் ஐயா, மச்சானைக் கொன்றது நான்தான். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்திருந்தால் கறி அவ்வளவு பக்குவமாக வந்திருக்காது.